பார்க்காமல் தொட்ட கட்டங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுக்கும் வேலைக்கு அவள் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஃபிரேமுக்குள் லென்ஸ் அரை மில்லிமீட்டர் ஆடினாலும் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு வேறு அறுப்பாள். கடையில் அவளுக்கு ‘அரை மில்லி’ என்றே பேர். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் புருஷன் இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டியவர். ஐம்பத்திரண்டாவது வயதில் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. படிப்பும் போயிற்று. எழுத்தைக் காட்டினால் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு டேப்லெட்டில் படம் படமாகக் கட்டம் போட்டுக் கொடுத்தாள். ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒரு வார்த்தை பேசும். ஆறு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். பேசுகிற குரல் ஒரு இளம்பெண்ணுடையது. அந்தக் குரலில் அவர் முதன்முதலாக ‘இங்க வா’ என்றபோது அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, யாரோ பொண்ணு கூப்பிடுது. நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?”

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். நோய் வந்தபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

மூன்று வருஷத்தில் நாற்பத்தெட்டுக் கட்டமும் நிறைந்தன. தண்ணீர், வலி, டீ, ஃபேன், போதும். வாரத்துக்கு ஒருமுறை வந்து ஓயாமல் பேசும் அவள் தம்பிக்காகவே கடைசி வரிசையில் ‘கொஞ்சம் வாயை மூடு’ என்று ஒன்று.

“இதுக்குத்தான் மூணு வருஷம் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டீங்களா மாமா?” என்றான் தம்பி. அவர் மறுபடியும் அதையே அழுத்தினார்.

ஒரு காலையில் டேப்லெட்டின் முதுகு வீங்கி, திரை ஓரமாகப் பெயர்ந்து நின்றது. பழுது பார்ப்பவர் அதைக் கையில் வாங்கக்கூடத் தயங்கினார்.

“பேட்டரி உப்பிப்போச்சுக்கா. இனிமே சார்ஜ் போடாதீங்க, தீப்பிடிச்சாலும் பிடிக்கும்.”

“உள்ள இருக்கிற கட்டமெல்லாம்?”

“நகல் எங்கயாவது எடுத்து வச்சிருக்கீங்களா?”

பயிற்சிப் பெண் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றே வேலைக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு டேப்லெட் விற்கிற கடைக்குப் போனாள்.

கடையில் பழையதன் அளவிலேயே ஒன்று இருந்தது. அட்டைப்பெட்டி தூசி படிந்து, மூலை நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் அதைவிட இரண்டு அங்குலம் பெரியது ஒன்று, பளிச்சென்று.

“இந்தச் சின்னது கடைசிப் பீஸும்மா. இன்னிக்கோ நாளைக்கோ திருப்பி அனுப்பிருவோம்,” என்றாள் விற்பனைப் பெண். “யாருக்கு?”

“வீட்டுக்காரருக்கு. உடம்பு சரியில்லாதவர்.”

“அப்ப பெரிசா எடுங்க. கண்ணுக்கு நல்லாருக்கும்.”

அவள் சும்மா வாங்கிவிடவில்லை. இரண்டையும் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். சன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் எப்படி அடிக்கிறது என்று பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, ஐம்பத்தைந்து வயதுக் கண்ணுக்கு எது தெளிவு என்று கணக்குப் போட்டாள். பெரியதில் படங்கள் ஒவ்வொன்றும் எடுத்துக் கொடுத்ததுபோலத் தெரிந்தன. பெரியதையே வாங்கினாள்.

கட்டங்கள் எல்லாம் அதே வரிசையில் வந்து உட்கார்ந்தன. மறுநாள் காலை அவர் மடியில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தபடியே இடதுகை விரலைக் கொண்டுபோனார்.

“வலிக்குது,” என்றது குரல்.

“எங்க வலிக்குது?”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடி தொட்டார். “வலிக்குது.” கொஞ்சம் தள்ளித் தொட்டார். “டாக்டர்.” அவள் பதறிப் போன் எடுத்தாள். கடைசியில் அவருக்கு வேண்டியிருந்தது டீ. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பி வந்தபோது அவன் பேச்சை நிறுத்தப் போய், ‘இன்னும் கொஞ்சம்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டார். அதற்கும் சிரித்தார்கள்.

நாலாம் நாள் சிரிப்பு நின்றது.

“கீழ பாத்துத் தொடுங்களேன். படம் எவ்வளவு பெரிசா இருக்கு.”

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்த அதே பார்வை. எறும்பு ஊர்கிறது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த மூன்று வருஷத்தில் அவர் ஒரு நாளும் திரையைப் பார்த்துத் தொட்டதில்லை. கிரேன் ஓட்டுகிறவன் கைப்பிடியையா பார்ப்பான்? கண் சரக்கின்மேல் இருக்கும், கை தன் இடத்தைத் தானே தேடிப் போகும். அவருடைய கண் எப்போதும் அவள் முகத்தில் இருந்தது. தன்மேல் உள்ள பாசம் என்று நினைத்து அவளும் உள்ளூரக் குளிர்ந்திருந்தாள். அது பாசமும்தான். ஆனால் பேசிக்கொண்டிருந்தது கை.

மத்தியானமே அந்த டேப்லெட் கடைக்கு ஓடினாள்.

“அதை அன்னிக்கே அனுப்பிட்டோமேம்மா. கம்பெனியில அந்த சைஸே இப்ப போடறதில்ல.”

இன்னும் ஆறு கடை ஏறி இறங்கினாள். எல்லாரும் பெரியதையே காட்டினார்கள். வீட்டில் பழையதை வைத்து, லென்ஸ் அளக்கும் கருவியால் அளந்தாள். கட்டத்துக்கு இருபத்தொரு மில்லி. புதியதில் வரிசைக்கு எட்டுக் கட்டம் வைத்தால் இருபத்தேழு, பன்னிரண்டு வைத்தால் பதினெட்டு. நடுவில் வேறு எதற்கும் கட்டம் போடுகிற அந்தச் செயலி இடம் கொடுக்கவில்லை. பதினெட்டிலேயே வைத்து, சுற்றிலும் வேண்டாததைக் கறுப்பு அட்டையால் மறைத்தாள். கட்டத்துக்கு மூன்று மில்லிதான் வித்தியாசம். ஏழாவது கட்டத்துக்குப் போவதற்குள் ஒரு முழு வார்த்தை தள்ளிப்போயிருந்தது.

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்தாள்.

“முதல்லேர்ந்து பழக்கணும்மா,” என்றாள் அந்தப் பெண். “அப்ப அவருக்கு இருந்த வேகம் இப்ப இருக்கான்னுதான் பாக்கணும்.” கொஞ்சம் பொறுத்து, “வாங்கறதுக்கு முன்னாடி நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்,” என்றாள்.

அவள் போனை வைத்துவிட்டு டேப்லெட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

பத்து நாள், தினம் வேலைக்குப் போகுமுன் அரைமணி, வந்தபின் அரைமணி அவர் விரலைப் பிடித்துப் பிடித்து வைத்தாள். பதினோராம் நாள் அவர் அவள் கையை விலக்கினார். கோபமாக இல்லை, ஈயை விரட்டுவதுபோல. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி, வேணாம். நான் கேக்கறேன், நீங்க தலையை ஆட்டுங்க. போதும்,” என்றாள்.

அப்படியே நடந்தது. டீ? ஆமென்று ஆட்டினார். வலி இருக்கா? ஆட்டினார். துணி மாத்தவா? ஆட்டினார். ஒரு வாரம் வீடு சுமுகமாக ஓடியது. இவ்வளவு சுலபமாக ஓடியதே அவளுக்கு உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை கட்டிலோரம் வந்து நின்றாள்.

“சன்னலைத் திறக்கவாங்க?”

தலையை ஆட்டினார்.

அவள் சன்னலருகே போனாள். கையைக் கொக்கியில் வைத்தவள் திரும்பினாள்.

“இல்ல, மூடியே இருக்கட்டுமா?”

அதற்கும் ஆமென்றே ஆட்டினார். அவர் கண் சுவரில் இருந்தது.

அவள் கொக்கியைப் பிடித்தபடியே நின்றாள். திறக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.