எங்கள் வரைபடத்தில் சிவந்துபோன ஊர்

இந்தத் தொழிலில் ஒரு சாபம் உண்டு: என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிடும். கம்ப்யூட்டரில் மேப் போட்டுப் பிழைக்கும் என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செயற்கைக்கோள் படங்களையும் டீசல், மின்சாரம், விறகுக் கணக்குகளையும் சேர்த்து, எந்த ஊர் எவ்வளவு புகை விடுகிறது என்று கணித்து நிறம் பூசுவது என் வேலை. குறைவென்றால் பச்சை, நடுத்தரம் மஞ்சள், அதிகமென்றால் சிவப்பு.

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு நான் போட்ட முதல் படத்தில் திருவாடானைப் பக்கம் ஒரு சின்ன ஊர் ரத்தச் சிவப்பாக வந்தது. சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே கனலவிட்டுக் கரி எடுக்கும் ஊர். அந்த மண் மேட்டுக்குக் கரிமூட்டம் என்று பெயர். சென்னையில் இருந்த என் மேலதிகாரி அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: 'இவ்வூரில் கரிமூட்டங்களை முதலில் நிறுத்தலாம்.' மாவட்டக் கூட்டத்தில் அந்த வரி நிறைவேறினால் ஊருக்கே பிழைப்பு போச்சு. சிவப்புப் பூசியவள் நான். அப்போது அது உறைக்கவே இல்லை. படம் பளிச்சென்று வந்த சந்தோஷத்தில் இருந்தேன்.

சைவ லாட்ஜ்

கூட்டத்துக்கு முன்னால் படகு டீசல் கணக்கைச் சரிபார்க்க இராமேஸ்வரம் போனேன். லாட்ஜ் மேனேஜர் வந்த காரியம் கேட்டார். கார்பன் என்று சொல்லாமல் 'கரிமக் கணக்கெடுப்பு' என்று செந்தமிழில் சொல்லித் தொலைத்தேன். நடுவிலிருந்த 'ம' அவர் காதில் விழவில்லை. வாய்ப்பேச்சில் கரிக்கும் கறிக்கும் ஏது வித்தியாசம்? மனிதரின் முகம் மாறிவிட்டது. அடையாள அட்டை, கடிதம், லேப்டாப் எல்லாம் காட்டினேன். அறைச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "கோயில் ஊரு பாத்துக்கங்க, இது சைவ லாட்ஜு. கறிக்கணக்கு எடுக்கணும்னா பாம்பன் பக்கம் போயிப் பாருங்கம்மா."

செவ்வாய்க்கிழமைப் புகை

மறுநாள் படகு ஜெட்டியில் அருளப்பன் என்ற விசைப்படகுக்காரரைப் பிடித்து, என் கடல் படத்தைப் பெருமையாகத் திறந்து காட்டினேன். ஒரு வாரத்து டீசலை ஏழால் வகுத்து, தினமும் விசைப்படகுகள் புகை விடுவதாகக் கணக்குப் போட்டிருந்தேன். விரல் போன போக்கில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தொட்டேன்.

அருளப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இந்தக் கடலில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை உண்டாம்; மீன்வளத் துறை டோக்கன் கொடுத்தால்தான் கடலுக்குப் போகலாமாம். கரையில் ஓடித் திரிகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை. "செவ்வாக்கெழம எங்களுக்கு டோக்கனே கெடையாது தங்கச்சி. போட்டெல்லாம் அந்தா, கட்டிக் கெடக்கும். ஒங்க கம்ப்யூட்டரு யாரு போட்ட எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போச்சு?"

கருப்பு வட்டங்கள்

கடலில் கோட்டைவிட்டவள் தரையில் மட்டும் சரியாகவா செய்திருப்பேன்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே அந்தச் சிவப்பு ஊருக்குப் போனேன். பாண்டியம்மாள் என்பவர் மூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஊரைச் சுற்றித் தெரிந்த கருப்பு வட்டங்களைக் காட்டி, இத்தனை மூட்டமா போடுகிறீர்கள் என்று கேட்டேன். என் கணக்கின் அடிப்படையே அதுதான்: கருப்பு வட்டம் என்றால் எரிகிற மூட்டம்.

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வட்டமாக விரல் வைத்தார். இது போன பங்குனியில் போட்டது, இது அதற்கும் முந்தியது, இது எப்போதென்று அவருக்கே ஞாபகமில்லை. மரம் வெட்டிய இடத்திலேயே மூட்டம் போடுவார்கள். கரியை அள்ளிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். மண்ணில் கருப்பு மட்டும் வருஷக்கணக்கில் கிடக்கும்.

ஆறிப்போன தடத்தையெல்லாம் எரிவதாக எண்ணி ஒரு ஊரையே குற்றவாளியாக்கியிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அறிக்கையில் இருந்த வரியையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பாண்டியம்மாள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பொறுமையாகத்தான் கேட்டார்: "வீட்ல அடுப்ப எடம் மாத்திப் போட்டா, பழைய அடுப்பும் எரியுதுன்னா தாயி எழுதுவீக?"

மஞ்சள்

கூட்டத்துக்கு நாலு நாள் இருந்தது. போனில் மேலதிகாரி, அழகாக வந்த படத்தை ஏன் கெடுக்கிறாய் என்று அலுத்துக்கொண்டார். நான் விடவில்லை. மாதாமாதம் எடுத்த பழைய படங்களை வரிசையாக அடுக்கி, எந்த வட்டம் புதிதாக முளைத்தது, எது பழசு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கணக்கில் விசைப்படகுகளையும் முறைப்படி கரையில் கட்டிப்போட்டேன். எல்லாம் முடித்து மறுபடி கணக்கை ஓட்டினால், அந்த ஊரில் சிவப்பு வடிந்து மஞ்சள் வந்து நின்றது. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன், சத்தியமாக.

கூட்டத்தில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் படம் என் தப்பு என்று ஆரம்பித்தேன். மேலதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். பாண்டியம்மாளின் அடுப்புக் கேள்வியை அப்படியே சொன்னதும், தலைமையில் இருந்த அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். என் வாழ்நாளில் ஒரு பேனாக்கோட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வாசலுக்கு ஓடிவந்து பாண்டியம்மாளுக்குப் போன் போட்டேன். வரியை அடித்துவிட்டார்கள், ஊர் மஞ்சளாகிவிட்டது என்று கத்தினேன். மறுமுனையில் அவரும் கத்தினார்: "மஞ்சளா? மங்களமாப் போச்சு தாயி! அப்ப வர்ற வெள்ளிக்கெழமயே மூட்டத்துக்குத் தீ வச்சிறவா?"

வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று நம்பித்தான் எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். தெரியாததைக் கேட்டுவரப் போனால் பயணப்படிகூடக் கிடையாது.