பீரோவுக்குள் இருந்த மனு

சாவிக்காரர் இருபத்தெட்டு வருடமாகப் பூட்டுகளோடு குடித்தனம் நடத்தியவர். மார்க்கெட் வாசலில் ஒரு ஸ்டூல், ஒரு அரம், ஆணியில் தொங்கும், பல் வெட்டாத வெற்றுச் சாவிகள். அவ்வளவுதான் கடை. ஒரு நாள், அடுத்தவர் வீட்டைத் திறந்துகொடுக்கச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். மாட்டேன் என்றார். வலது கையில் கத்தியை ஓட்டிவிட்டுப் போனார்கள். மூன்று விரல்கள் அன்றோடு வேலைநிறுத்தம். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் மடங்கும், தவறினால் மடங்காது என்றார் டாக்டர். கேட்கிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், “சின்னக் காயம், சரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார் இவர்.

இப்படி அடிபட்டவர்களுக்கு அரசாங்கத்தில் நிவாரணம் உண்டு. ஆபரேஷனுக்கு அதைத்தான் நம்பியிருந்தார். ஐந்தாவது மாதம், ஏழாவது தடவையாக, மனைவியோடு அலுவலகப் படியேறினார்.

“உங்க மனு பத்திரமா இருக்கு. அந்த பீரோவுக்குள்ள,” என்றார் கிளார்க்.

“எடுங்க சார்.”

“சாவி இல்லையே. ரிட்டயர் ஆனவர் கையோட போயிடுச்சு. பூட்டை உடைக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கோம். மூணு மாசம் ஆகும்.”

சாவிக்காரர் பூட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை மனைவிக்குத் தெரியும்.

“என்னங்க, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.”

“உடைக்கத்தானே சார் அனுமதி? நான் திறக்கத்தான் போறேன்.”

சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்து, இடது கையால் ஆரம்பித்தார். கம்பி மூன்று முறை கீழே விழுந்தது. வியர்வை முழங்கை வரை வழிந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். டீ வந்தது, குடித்தார்கள், டம்ளர்கள் திரும்பிப் போயின. பூட்டு விட்டுக்கொடுத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். மனைவியும் தட்டினாள்.

கிளார்க் மனுவை எடுத்துத் தூசி தட்டி, அதற்கான விசாரணைப் படிவத்தை அப்போதே எழுத உட்கார்ந்தார். பதினான்காம் கேள்வியில் பேனா நின்றது. ‘மனுதாரர் தொழில் செய்யும் திறனை இழந்தாரா?’ கிளார்க் பொய் எழுதாத மனிதர். அதுதான் தொல்லை.

“என் கண்ணு முன்னாடியே திறந்துட்டீங்க. இழந்தார்னு நான் எப்படி எழுதறது?”

சாவிக்காரர் கம்பியைத் துடைத்தார். அவமானமாக இருந்தது. கை போய்விட்டது என்பதை மனைவியிடம்கூட அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“எவ்வளவு நேரம் ஆச்சு சார்?”

“அம்பது நிமிஷம் இருக்கும்.”

“முன்னெல்லாம் கூட்டம் கூடறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் கை தட்டினதில்ல, சார். இன்னிக்குத்தான் தட்டினாங்க.”

மனைவி தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கிளார்க் சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ‘ஆம்’ என்று எழுதினார்.