வியாழனைச் சனியாக்கியவர்கள்

கல்லூரி ஆண்டு மலர் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடியது என் பெயரைத்தான். பெயர் சரியாக அச்சாகியிருந்தது. கதையைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் வயிறு எரிந்தது.

என் அப்பாவுக்குப் பொன்மலை ரயில் பட்டறையில் பாரம் தூக்குகிற வேலை. அம்மா கைநாட்டு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். நுழைந்தவள் நிற்கவில்லை; கல்லூரிக்குப் போய் பௌதிகம் படித்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

இரண்டாம் வருஷத்தில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல் ஒன்று கிடைத்தது. வியாழன் கிரகத்தைச் சுற்றும் சந்திரன்களில் மனிதர்கள் குடியேறுகிற கதை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். அதில் வந்தவர்கள் எல்லோரும் விஞ்ஞானிகள், இல்லாவிட்டால் விண்கப்பல் தலைவர்கள். பள்ளம் தோண்டுகிறவன், குழாய் மாட்டுகிறவன், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் ஒருவரும் இல்லை. அத்தனை பேர் குடியிருக்கிற இடத்தில் சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் குத்துவார்கள்? அந்த எரிச்சலில்தான் நானே ஒரு கதை எழுதினேன்.

வியாழன் வெறும் வாயுப் பந்து. அதில் கால் வைக்க இடமில்லை. அதனால் என் கதையின் ஜனங்கள் அதன் சந்திரன் ஒன்றில் குடியிருந்தார்கள். அங்கே தரையெல்லாம் பனிக்கட்டி. அதை வெட்டி உருக்கி, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, மூச்சுக்குக் காற்று எடுத்தார்கள். நம் நிலா பூமிக்கு ஒரு முகத்தையே காட்டுவது போல அந்தச் சந்திரனும் வியாழனுக்கு ஒரு முகத்தையே காட்டும். ஆகவே அதன் ஒரு பாதியில் நின்றால் வானத்தில் வியாழன் அசையாமல் தொங்கும், மறையவே மறையாது. மறு பாதியில் பிறந்தவனுக்கு ஆயுசுக்கும் அது கண்ணில் படாது. வியாழன் தெரிகிற பக்கத்தில் அதிகாரிகளின் வீடுகளை வைத்தேன். தெரியாத பக்கத்தில் கூலி லைன்.

இதற்கு நான் வியாழன் வரை போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ரயில்வே காலனியில் அதிகாரிகளின் பங்களா வரிசைக்கு நாளெல்லாம் தண்ணீர் வரும். எங்கள் வரிசைக்குக் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்.

கதையில் ஒரு நாள் கூலி லைனின் காற்று பம்பும் அதிகாரிகள் கிளப்பின் பம்பும் ஒன்றாகக் கெட்டுப்போகும். மெக்கானிக்கை முதலில் கிளப்புக்கு அனுப்புவார்கள். அவன் லைனுக்கு வந்து சேருவதற்குள் ஒரு குழந்தை மூச்சு முட்டிச் செத்துவிடும். தாய் அதைத் தூக்கிக்கொண்டு மறு பக்கத்துக்கு நடப்பாள். தலைக்கு மேல் வியாழனை, அதன் பட்டைகளை, அந்தப் பெரிய சிவப்புப் பொட்டை, முதல் தடவையாகப் பார்ப்பாள். அதோடு கதை முடியும்.

ஆண்டு மலருக்குப் பொறுப்பு எங்கள் தமிழ் ஆசிரியை. ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பம். தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வருவார். படித்துவிட்டு, "நன்னா எழுதறேடி. கை ஓடறது உனக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. என்னிடம் இருந்த ஒரே பிரதியை அவரிடம் கொடுத்தேன். அது நான் செய்த முட்டாள்தனம்.

மலரில் வியாழன் என்று நான் எழுதிய பதினான்கு இடத்திலும் சனி என்று அச்சாகியிருந்தது. மற்றபடி ஒரு சொல் மாறவில்லை. சனிக்குப் பட்டைகள், சனிக்குப் பெரிய சிவப்புப் பொட்டு. வளையத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

மறுநாளே பௌதிக ஆசிரியை வகுப்புக்கு மலரைக் கொண்டுவந்தார். "யாரும்மா நம்ம எழுத்தாளர்? எழுந்திரும்மா. சனிக்கு ஒரு வளையம் இருந்துச்சே, அதை எங்க அடகு வச்சே?"

வகுப்பு சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள்.

"நான் வியாழன்னுதான் எழுதினேன் மிஸ்."

"அப்போ அச்சுக் கோக்கிறவன் மாத்திட்டானா? பதினாலு தடவையும் கை தவறிடுச்சோ?" மறுபடி சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாக, பரிதாபம் போலச் சொன்னார்: "வீட்டுல படிச்சவங்க யாரும் இல்லேல்ல, கேட்டுத் தெரிஞ்சுக்க வழியில்லை. பரவால்ல, உக்காரு."

அந்தப் "பரவால்ல"வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சிரித்ததைக்கூட மறந்துவிடலாம். நான் சரியாக எழுதிய ஒன்றுக்காக, தவறாக எழுதியவள் என்று என்னை மன்னித்தாரே, அதை எப்படி மறப்பது?

மணி அடித்ததும் தமிழ் ஆசிரியையின் அறைக்குப் போனேன். வெளிக் கல்லூரிகளுக்குத் தபாலில் போக வேண்டிய மலர்கள் மேஜையில் அடுக்கியிருந்தன. அவர் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார்.

"மிஸ், வியாழனை யார் சனியாக்கினாங்க?"

"நான்தான்." தலை நிமிரவில்லை. "குருவோட ராஜ்யத்துல ஒரு குழந்தை மூச்சு முட்டிச் சாகறதாவது! குரு பார்க்கக் கோடி நன்மைன்னு கேட்டதில்லையோ? கஷ்டம்னா அது சனியோட வேலை. படிக்கறவாளுக்கு நெருட வேண்டாமேன்னு மாத்தினேன்."

"மிஸ், இது ஜாதகம் இல்லை. சனிக்கு அந்தச் சிவப்புப் பொட்டு கிடையாது."

"பொட்டுதானே, மங்களகரமா இருந்தது. விட்டுட்டேன்." இப்போதுதான் நிமிர்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "அசடே, உனக்காகத்தாண்டி பண்ணினேன். இருபது வயசாறது. நாளைக்கு வரன் பார்க்க மாட்டாளோ? அதுக்குக் குருபலம் வர வேண்டாமோ? குருவைப் பழிச்சு எழுதிட்டு அவர் அனுக்ரஹம் வேணும்னா எப்படி?"

அவர் பொய் சொல்லவில்லை. என் கல்யாணத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன்.

"எனக்குச் சனி எது, வியாழன் எதுன்னு தெரியாதுன்னு வகுப்பே சிரிச்சது மிஸ். ஒரு பிழைதிருத்தம் அச்சடிச்சு ஒட்டுங்க. இல்லேன்னா பௌதிக மிஸ்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் போய்ச் சொல்றதா? இருபது வருஷமா வாத்தியாரா இருக்கேன்."

"அப்ப என் கையெழுத்துப் பிரதியைக் கொடுங்க. நானே காட்டிக்கிறேன்."

"அது பிரஸ்ஸுக்குப் போச்சு. அவா எதைத் திருப்பித் தந்தா? விடுடி, சின்ன விஷயம். ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துடுவா."

எது சின்ன விஷயம்? அவர் அப்பாவும் தாத்தாவும் படித்தவர்கள். அவர் தவறினால் கை தவறிவிட்டது என்பார்கள். நான் தவறினால் என் வீட்டைச் சொல்வார்கள். சற்று முன்தான் சொன்னார்கள்.

எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. அடுக்கிலிருந்து ஒரு மலரை எடுத்து, என் பக்கத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்து, முதல் சனியை அடித்து மேலே வியாழன் என்று எழுதினேன்.

"என்னடி பண்றே?"

"பிழை திருத்தறேன் மிஸ்."

"காலேஜ் சொத்துடி அது! பிரின்ஸிபால்கிட்ட சொல்லுவேன்."

"சொல்லுங்க. ஏன் திருத்தினேன்னு அவங்க கேப்பாங்க. நானும் சொல்றேன்."

அவர் எழுந்தார். வாசல் வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். "உனக்குக் குருபலம் வரவே வராதுடி" என்றார்.

"வரலேன்னா போகட்டும் மிஸ்."

அடுத்த வகுப்பு மணி அடித்தது. நான் எழவில்லை. ஒரு பிரதிக்குப் பதினான்கு அடித்தல், பதினான்கு வியாழன். பன்னிரண்டு பிரதி முடிந்தபோது பேனாவில் மை தீர்ந்தது. மேஜையில் அவருடைய மைக்கூடு இருந்தது. கேட்காமலே எடுத்து ஊற்றிக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை.

கட்டு முழுவதையும் முடித்துத்தான் எழுந்தேன். வெளிக் கல்லூரிகளுக்குப் போனவை எல்லாம் வியாழன். உள்ளே மாணவிகளிடம் கொடுத்தவை எல்லாம் சனி. அவற்றை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பௌதிக ஆசிரியையின் பிரதியும் அதில் ஒன்று.