அடைத்த கொட்டகை

விச்சு பதினேழு வருஷம் மராத்தி ஊரான ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியின் பெயின்ட் அறையில் நின்றவன். தூசி நுழைந்தால் சூப்பர்வைசர் கத்துவான். ஓட்டையைக் கண்டால் அடைக்கிற கை அது. வேலையை விட்டு, ஆடு வாங்கிக் கொட்டகை போட்டபிறகும் அந்தக் கை மாறவில்லை.

போன வருஷம் குளிருக்குப் பயந்து, பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களை நாலு பக்கமும் இண்டு இடுக்கு விடாமல் ஆணியடித்தான். உள்ளே கதகதவென்று இருந்தது. மூத்திர வாடை வெளியேற வழியில்லை. பிறந்த ஒன்பது குட்டிகளும் நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமி ஒரே வாரத்தில் செத்தன. குளிர் கொல்லவில்லை, நீ அடைத்த காற்றுதான் கொன்றது என்று ஆட்டு டாக்டர் மராத்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருஷம் ஆறு ஆடு சினை. தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு தூவினான். வைக்கோல் பரப்பினான். பிறக்கும் குட்டிகளின் தொப்புளில் தடவ அயோடின் வாங்கக் கேம்ப் கடைத்தெருவுக்குப் போனவன், பஸ்ஸில் யாரோ இருமவும் பாதி வழியில் இறங்கி நடந்தான். கொட்டகையிலும் வேலை நடுவே சட்டென்று நின்றுவிடுவான்.

"என்னங்க?" என்றாள் மனைவி சரசா, காற்று போக ஃப்ளெக்ஸின் மேல்பாதியைக் கிழித்துக்கொண்டே.

"மூலையில இருமுது."

"அங்க மம்பட்டிதான் நிக்குது. அதுக்கா சளி?"

அவன் போய் மம்பட்டியை நகர்த்திப் பார்த்தான்.

நாலு நாள் கழித்து, மத்தியானம், கறுப்பாடு குட்டி போட்டது. அன்று பார்த்துக் காற்று ஊசியாக இறங்கியது. ஈரக்குட்டி நடுங்கி, ஒரு தரம் இருமியது. விச்சு கிழிந்த ஃப்ளெக்ஸையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"மூக்குத்தண்ணியத் தள்ளுதுங்க. தொடச்சு தாய்கிட்ட விடுங்க."

"குளுர்ல செத்துரும்டி!"

"போன வருஷமும் இதேதான சொன்னீங்க?"

முதல் ஆணி விரலிடுக்கில் நின்றது. அடிக்கவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை. கடைசியில் சுத்தியலை அவளிடம் நீட்டினான்.

"எங்கயாவது ஒளிச்சு வை. எங்கன்னு எங்கிட்டச் சொல்லாத."

குட்டியைச் சாக்கால் துவட்டித் தாயின் மடியில் விட்டான். அது முட்டி முட்டிக் குடித்தது. திறந்த பக்கமாகக் காற்று வந்து வைக்கோலைக் கலைத்தது. மூலையில் இருமல் நிற்கவில்லை. போன வருஷத்து ஒன்பதில் எந்த இருமல் எந்தக் குட்டியுடையது என்றுகூட அவனுக்குத் தெரிந்தது.