பந்தை விட்டதும் திரும்பிக்கொள்பவர்

பெங்களூரில், ஈஜிபுரா பக்கம், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஒரு பவுலிங் அரங்கு. ஆபீஸ் நண்பர்களோடு போயிருந்தேன். பக்கத்துத் தடத்தில் ஆடிய பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். பட்டுப்புடவை, வாடகை ஷூ, இடக்கையில் பைனாப்பிள் ஜூஸ். பந்தை உருட்டியதுமே கட்டைகளுக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்ப்பார்.

"விழுதான்னு பாக்க மாட்டீங்களாக்கா?" என்றேன்.

"கட்டை விழுறதப் பாத்து இன்னாப்பா ஆவப்போவுது? உங்க மூஞ்சியெல்லாம் மாறுது பாரு, அதான் ஜாலி!"

எனக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் ஆபீஸ் டீம் ஜெயிக்க இரண்டு கட்டை விழுந்தால் போதும். கடைசிப் பந்தை உருட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கண் விரிந்தது. ஜூஸ் சிந்தச் சிந்தக் கையைத் தூக்கிக் குதித்தார். நானும் குதித்தேன்.

அப்புறம்தான் திரையைப் பார்த்தேன். பூஜ்யம். அவரோ இன்னும் குதித்துக்கொண்டிருந்தார். கட்டையை அல்ல, என் மூஞ்சியைப் பார்த்து. நானும் நிறுத்தவில்லை.