என் கையால் மூட்டிய ஷீஷாக் கரி

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், மருமகளின் பிரசவத்துக்காகக் குவைத் போயிருந்தேன். மங்காஃபில் மூன்றாவது மாடியில் மகனுடைய ஃப்ளாட். சம்பந்தியம்மாவுக்கு உடம்பு முடியாததால் நான் போக வேண்டியதாயிற்று.

குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றைப் பெருமையாகச் சொல்லுவேன். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதிக்கொண்டிருந்தவன் என் மகன். முந்தின லீவில் ஊருக்கு வந்தபோது, "இனிமே சிகரெட்டைத் தொட மாட்டேம்மா" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். தொடவும் இல்லை. பெற்றவள் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு என்று நிமிர்ந்து திரிந்தேன்.

பால்கனியில் ஒரு ஷீஷா வைத்திருந்தான். கீழே தண்ணீர்க் குடுவை, நீளமாய் ஒரு குழாய். மேலே கிண்ணத்தில் பாகு போல எதையோ வைத்து, அதன்மேல் கனல் வைத்து இழுப்பான். ஆப்பிள் வாசனை வீடெல்லாம் வரும். "இது பழம்மா. புகையைத் தண்ணி கழுவிடும், ஒண்ணும் பண்ணாது" என்றான். அந்தப் பாகு வந்த டப்பாவிலும் ஆப்பிள் படம்தான். அதன் கீழே இருந்த எழுத்து எனக்குத் தெரியாது. தமிழையே எழுத்துக்கூட்டிப் படிப்பவள் நான்.

காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டக் கரி மூட்டுவேன். அந்தக் கைப்பழக்கத்தில், சாயங்காலம் அவன் டியூட்டி முடிந்து வந்ததும் அவனுக்கும் நாலு துண்டு மூட்டி, இடுக்கியால் எடுத்துப் போய் நானே கிண்ணத்தில் வைப்பேன்.

மருமகள் ஒருநாள் சொன்னாள். "அத்தை, அதுவும் புகையிலைதான். நிக்கோடின்னு டப்பாவுலயே போட்டிருக்கு. நீங்க மூட்டிக் குடுக்காதீங்க."

நான் விட்டேனா? "புருஷன் அக்கடான்னு உட்கார்ந்தா உனக்குப் பொறுக்காதே! படிச்ச திமிரு" என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள், அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும் முன்னே, ஒரு காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா. "சிகரெட் உண்டா?" என்று அவனைக் கேட்டார். அவன் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "விட்டுட்டான் டாக்டர். என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணவன்."

"வேற ஏதாவது?"

மகன் சுவரைப் பார்த்தான். மருமகள்தான் மெதுவாகச் சொன்னாள், தினமும் ஒரு மணி நேரம் ஷீஷா என்று.

"அது பழம்தானே! நான்தானே கரி வைக்கிறேன்" என்றேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அம்மா, அந்தப் பாகுக்குள்ள இருக்கறது புகையிலை. கரிச்சூட்டுல நிக்கோடின் புகையோட வருது, தண்ணி அதைப் புடிச்சு நிறுத்தாது. சிகரெட் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். இதை ஒரு மணி நேரம் ஆழமா இழுத்தா, ஒரு சிகரெட்டைவிட அதிகமாத்தான் ரத்தத்துல ஏறும். அது போதாதுன்னு கரிப்புகை வேற."

நான் மகன் பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமாடா?"

"நான் சத்தியம் பண்ணது சிகரெட்டுக்குத்தானேம்மா" என்றான்.

இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள், பிழைத்தான். இரண்டு மாதம் அடங்கியிருந்தான். பிறகு டியூட்டி முடிந்ததும் நேரே ஷீஷாக் கடைக்குப் போக ஆரம்பித்தான். நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது ஃபோனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. கேட்பவர்களிடம் வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைக்கிறேன்.

"நீ சொன்னதுதான் சரி" என்று மருமகளிடம் சொல்ல எத்தனையோ தடவை ஃபோனை எடுத்திருக்கிறேன். "புள்ளை சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். மகன் என்னை ஏமாற்றியதைக்கூட மறந்துவிடலாம். உண்மை சொன்னவள் வாயை அடைத்துவிட்டு என் கையாலேயே அவனுக்கு நெருப்பு எடுத்துக் கொடுத்தேனே, அது மட்டும் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.