ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும்

டி-சர்ட் விற்க ஆன்லைனில் எந்தத் தளம் நல்லது என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். கமிஷன், ரிட்டர்ன், கூரியர், போட்டோ எப்படி எடுப்பது, எல்லாம் தெரியும். ஆனால் எங்கள் கடைக்கு நான் தளம் தேர்ந்தெடுத்த காரணம் இதில் எதுவுமில்லை. காரணம் ஒரு பெண். இடுக்கி மலையில் ஏலப்பாறையிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்தவள். அவளை எனக்குப் பிடிக்காது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என் பக்கம் பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

நானும் என் சிநேகிதியும் ஒரே ஆவணியில் கல்யாணமாகி, பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேரள எல்லைக்குள் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் வாழ வந்தவர்கள். வீட்டில் தமிழ்தான். வில்லேஜ் ஆபீஸ் படியேறினால் மலையாளம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போன இடத்தில், அதிகாரி கேட்டது புரியாமல் இரண்டு பேரும் ஒரே மாதிரி முழித்துக்கொண்டு நின்றோம். வெளியே வந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றிலிருந்து அவளுக்கு நான், எனக்கு அவள். கோயம்புத்தூருக்குப் புடவை எடுக்கப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும் சேர்ந்துதான் போவோம். "ஒருத்திக்குப் பல்லு வலிச்சா இன்னொருத்தி எதுக்கு வாயத் தொறந்துட்டுப் போறே?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

எனக்கு வேலந்தாவளம் ஜங்ஷனில் மாட்டுத்தீவனக் கடை இருக்கிறது. சந்தை நாளில் மாடு வாங்க வருகிறவர்களோடு ரேக்ளா வண்டிப் பந்தயக்காரர்களும் வருவார்கள். தங்கள் காளையின் படத்தை நெஞ்சில் அச்சடித்த டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு, காளையை விட அதிகமாக நிமிர்ந்து நடப்பார்கள். அப்படி ஒரு சந்தை நாளில் சிநேகிதி என் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம் புள்ள, இவிங்க பனியனப் பாரு. காளை நல்லாத்தான் இருக்குது, எழுத்துதான் கண்றாவி. நான் எழுதுனா இதவிட நெம்ப நல்லா எழுதுவனே" என்றாள்.

பேச்சோடு விடவில்லை. காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, என் மார்க்கர் பேனாவால் "ஏனுங்க" என்று கொழுகொழுவென்று எழுதி, கடைசி எழுத்தின் வாலில் ஒரு காளைச் சலங்கையைத் தொங்கவிட்டாள். அங்கே நின்ற இரண்டு பேர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற சொந்தக்காரர் உண்டு. துணிக்குக் கவலையில்லை. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆன்லைன்ல கடை போடலாம் புள்ள" என்றாள். அந்த "நாம ரெண்டு பேரும்" எனக்குப் போதும். டி-சர்ட்டுக்குப் பதிலாக அவள் செங்கல் விற்கலாம் என்றிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஏலப்பாறைக்காரி வந்தாள். அவள் புருஷனுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. என் சிநேகிதியின் அடுத்த வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். எஸ்டேட் குடும்பத்துப் பெண். மலைக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு டி-சர்ட், தொப்பி விற்கிற கடையில் கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்தவளாம். மலையாளம் சரளம், ஆங்கிலம் சுமார், தமிழ் எங்கள் காதுக்குப் பழக்கமில்லாத தெற்கத்தித் தமிழ். காலையிலிருந்து பொழுது சாயும் வரை நான் கடையில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே இருப்பேன். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே இடுப்பு உயரக் காம்பவுண்டுச் சுவர் ஒன்றுதான். அவள் என் சிநேகிதி வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததை நான் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சொன்னேன், மனசுக்குள் தினமும் சொன்னேன்.

தளத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி வீட்டில் உட்கார்ந்தோம். போனபோது ஏலப்பாறைக்காரியும் இருந்தாள். லேப்டாப்புக்கு நேராக, நான் உட்காருகிற இடத்தில் இருந்தாள்.

"அக்கா, நாஞ் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீக" என்று ஆரம்பித்தாள். "சொந்தமா ஒரு வெப்சைட் போட்டுருங்க. மாசாமாசம் வாடகை உண்டு, ஆனா கடை உங்க பேருல தெரியும். வாங்குதவுக பேரு, நம்பரு எல்லாம் உங்க கையில இருக்கும். பெரிய சைட்ல போட்டா நம்ம டிசைனு பக்கத்துலயே இன்னொருத்தன் அதே மாதிரி பாதி வெலைக்கு வைப்பான். ரிட்டர்ன் வேற வந்துட்டே இருக்கும்."

டிசைனை மட்டும் கொடுத்தால் அச்சடித்து அனுப்புவதையும் அவர்களே பார்த்துக்கொள்கிற தளங்களும் உண்டு, ஆனால் திருப்பூர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும்போது அது தேவையில்லை என்றும் சொன்னாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. நானும் யூடியூபில் பார்த்து அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன். நான் சொல்ல வேண்டியதை எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள். என் சிநேகிதி கன்னத்தில் கை வைத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை எனக்குத் தெரியும். பல வருஷம் என் பேச்சை அப்படித்தான் கேட்டாள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், அதற்கு நான் வேறு பெயர் வைக்க மாட்டேன்.

"நீ என்ன சொல்றே புள்ள?" என்று சிநேகிதி என் பக்கம் திரும்பினாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் என் மூளை ஓடிய ஓட்டம் இன்றைக்கும் எனக்கே ஆச்சரியம். சொந்த வெப்சைட் என்றால் மெயிலும் பாஸ்வேர்டும் போதும். இந்த வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் திறப்பார்கள், மூடுவார்கள், என்னை எதற்கும் கேட்க வேண்டியதில்லை. பெரிய விற்பனைத் தளம் என்றால் ஜி.எஸ்.டி. நம்பர் கேட்பான். அது எங்களில் என்னிடம் மட்டும்தான் இருந்தது, தீவனக் கடைக்காக எடுத்தது. கணக்கு என் பெயரில் இருக்கும். என் போன் நம்பர்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவை உள்ளே நுழையும்போதும் ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும். சிநேகிதி என்னைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

"சந்தையில கடை போட்டாத்தான் ஆளு வரும்" என்றேன். "நாலு பேரு நடமாடற எடத்த உட்டுப்போட்டு, தோட்டத்துக்குள்ள கடையப் போட்டுட்டு ரோட்டப் பாத்துட்டே உக்காந்திருக்கறதா? கூரியர்க்காரன் ஊட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போறான். ஜி.எஸ்.டி.க்கு நானிருக்கறேன். வேறென்ன வேணும்?"

கடைக்காரியின் குரலில், தீவனக் கம்பெனி ஏஜெண்டை விரட்டுகிற தோரணையில் சொன்னேன். ஏலப்பாறைக்காரி எதிர்த்துப் பேசுவாள், ஒரு கை பார்க்கலாம் என்றிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டு, "அதுவும் சரிதான்க்கா, மொதல்ல ஆளுக தெரிஞ்சுக்கிடட்டும்" என்று விட்டுக்கொடுத்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க விடவில்லை.

கடை நன்றாகவே போனது. தினமும் காலையில் நான் ஷட்டரைத் தூக்கி ஊதுபத்தி கொளுத்துகிற நேரத்துக்கு ஓ.டி.பி. மெசேஜ் வரும், பின்னாலேயே சிநேகிதி கூப்பிடுவாள். "நம்பர் சொல்லு புள்ள." எதிரே பிண்ணாக்குக்குக் காத்திருக்கிறவரிடம் "சித்த இருங்க" என்று கையைக் காட்டிவிட்டு, ஒவ்வொரு எண்ணாகச் சொல்வேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வாள். அப்புறம் இட்லியா தோசையா, மாமியாருக்கு முட்டி வலி எப்படி, நேற்று எத்தனை பார்சல் போனது என்று பேச்சு நீளும். "ஏனம்மணி, பனியன் கம்பெனி மொதலாளியாகிட்டீங்க, எங்க மாடு பட்டினி கெடக்குதுங்க" என்று வாடிக்கைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நான் கண்டுகொள்ளவே மாட்டேன். நாள் முழுக்க அந்த வீட்டில் ஏலப்பாறைக்காரி இருக்கட்டும், கதவைத் திறக்கிற சாவி என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு எனக்கு இனித்தது.

ஆனால் சாவி கையில் இருந்தும் வீடு கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சிநேகிதியின் பேச்சில் "அவ சொன்னா" என்பது கூடிக்கொண்டே வந்தது. அவள் சொன்னாள் என்று கறுப்புத் துணியில் மஞ்சள் எழுத்துப் போட்டார்கள். அவள் சொன்னாள் என்று, சிநேகிதியின் முறுக்கு மீசை மாமனாருக்கு "ஏனுங்க" டி-சர்ட்டை மாட்டிவிட்டு, காளையோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவுக்காகவே ஆர்டர் குவிந்தது. எனக்குக் காட்டியபோது அசந்துபோனேன். வாயில் வந்தது "பரவாயில்ல" மட்டும்தான். ஒரு நாள் லேபிள் ரோல் எங்கே என்று கேட்டதற்கு என் சிநேகிதி, "அங்கன வெச்சிருக்கறேன் பாரு" என்றாள். அங்கன! பொள்ளாச்சிக்காரி வாயில் ஏலப்பாறைக்காரியின் அங்கன! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு காலையில் கடை திறந்த கையோடு, பருத்திக்கொட்டை ஊறப்போட்ட அண்டாவுக்குள் என் போன் விழுந்தது. எடுத்துத் துடைத்தேன், உதறினேன், செத்தேபோய்விட்டது. முதலில் பதறினேன். அடுத்த நிமிஷம், உள்ளதைச் சொன்னால், குளுகுளு என்றிருந்தது. இன்றைக்கு நான் இல்லாமல் கடை திறக்காது. ஆர்டரைப் பார்க்க முடியாது, லேபிள் எடுக்க முடியாது. என்னைத் தேடிக்கொண்டு சிநேகிதி ஸ்கூட்டரில் ஓடி வருவாள். ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மத்தியானம் கழிந்தது. வரவில்லை. கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு நானே போனேன்.

வாசலில் கூரியர்க்காரன் பார்சல்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன், அன்றைய தேதி. உள்ளே இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மிச்சத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓ.டி.பி. இல்லாம எப்பிடித் தொறந்தீங்க?" என்று கேட்டேன்.

ஏலப்பாறைக்காரி சட்டென்று எழுந்தாள். "அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன்க்கா" என்று என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். சிநேகிதி மடித்த டி-சர்ட்டையே திரும்பவும் பிரித்து மடித்தாள்.

"அதுல இன்னொரு நம்பரும் சேத்திக்கலாம் புள்ள. என்ற நம்பரையும் சேத்தியாச்சு."

"எப்ப?"

"மொத மாசமே."

"அப்பறம் எதுக்குத் தெனமும் என்னையக் கூப்புட்டுக் கேட்டே?"

அவள் டி-சர்ட்டைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவதான் சொன்னா. அந்தக்கா தெனமும் உங்க போனுக்குக் காத்துட்டு இருப்பாக, அத மட்டும் நிறுத்திராதீகன்னு."

கெட்டவளாக இருந்திருந்தால் அவளைச் சமாளித்திருப்பேன். சண்டை பிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இதற்கு என்ன செய்ய? நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததை வைத்துக் கேலி செய்யாமல், என்மேல் பாவப்பட்டு, என் சிநேகிதியின் குரலைத் தினமும் எனக்கு அவள் அனுப்பி வைத்திருக்கிறாள். இட்லியா தோசையா என்று நான் கேட்ட அத்தனை காலையும் அவள் போட்ட பிச்சை. நல்லவளாக இருக்கிற இடத்தையும் அவளே பிடித்துக்கொண்டாள், எனக்கு அங்கேயும் இடமில்லை.

"அவ சொல்லாட்டியும் நான் கூப்புட்டிருப்பேன் புள்ள" என்றாள் சிநேகிதி.

"செரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பால் பொங்குகிற வாசனை எதுவும் வரவில்லை.

வீட்டுக்காரருடைய பழைய போனில் சிம்மைப் போட்டுக்கொண்டு மறுநாள் கடைக்குப் போனேன். ஷட்டரைத் தூக்கினேன். ஊதுபத்தி கொளுத்தினேன். இனி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வந்தது. பின்னாலேயே போன் அடித்தது.

"நம்பர் சொல்லு புள்ள" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

தன் நம்பரில் சுலபமாகத் திறந்திருக்கலாம். வேண்டுமென்றே என் நம்பரைப் போட்டிருக்கிறாள். இதுவும் ஏலப்பாறைக்காரி சொல்லித்தானா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் இவள் பொய் சொல்ல மாட்டாள், அதுதான் பயம். கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்ல, அடுத்ததைக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன்.